ஏற்பாடுகளைச் செய்திருந்தவர்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நாளிதழின் திண்டுக்கல் பக்கத்தில் திங்கள்கிழமைதோறும் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடும். வேடசந்தூர், நிலக்கோட்டை, நத்தம், சின்னாளபட்டி என்று ஊர்ப் பெயர் மட்டும்தான் மாறும். 25 ஆண்டுகளுக்குப் பிறகு முன்னாள் மாணவர்கள் தாங்கள் படித்த பள்ளியில் கூடியிருப்பார்கள். ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, மலரும் நினைவுகளைப் பகிர்ந்துகொண்டிருப்பார்கள் (நினைவுக்கு மலர்வதைத் தவிர வேறு வேலை கூடாது என்பது நிருபர்களின் முடிவு). பள்ளிக்கு மின்விசிறியோ குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவியோ கொடுத்துவிட்டுக் குழுப்படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஏற்பாடுகளை ஒருங்கிணைப்பாளர் செய்திருந்தார் என்று செய்தி முடியும். படத்தில் அவரைக் கண்டுபிடிப்பது எளிது. நடுவில் ஆசிரியர்கள், அவர்களை ஒட்டிப் பதவியில் இருப்பவர்கள். ஓரத்தில் உடம்பு பாதி படத்துக்கு வெளியே போயிருக்க, கேமராவைப் பார்க்காமல் வேறு யாரையோ கைநீட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாரே, அவர்தான். ஒரு செட்டு பள்ளிக்கூடத்தில் உருவாவதில்லை, பல வருஷம் கழித்து இவருடைய கைப்பேசியில்தான் உருவாகிறது என்பது என் கட்சி.

படிக்கிற காலத்தில் அப்படி ஒரு செட்டு இருந்ததா என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வடமதுரை பஸ்ஸில் வந்தவர்கள் ஒரு பக்கம், விடுதிப் பையன்கள் ஒரு பக்கம், டவுன் பையன்கள் ஒரு பக்கம். கணக்கும் அறிவியலும் எடுத்த முதல் குரூப்காரன் வொகேஷனல் குரூப்காரனோடு விளையாட்டுப் பீரியடில்கூடச் சேரமாட்டான். இவர்களை 'ஒரு செட்டு' என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் முதலில் சிரித்திருப்பவர்கள் அவர்களேதான். அப்புறம் பொதுத்தேர்வு வந்து, நன்றாகப் படித்தவர்களை எல்லாம் ஊரைவிட்டு அனுப்பிவைத்தது. மதிப்பெண் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு தூரம்: கோயம்புத்தூர், சென்னை, சிங்கப்பூர். 2023-இல் பிளஸ் டூவில் 600-க்கு 600 எடுத்து மாநிலத்தையே திரும்பிப் பார்க்க வைத்த மாணவி, திண்டுக்கல் அண்ணாமலையார் மில்ஸ் பெண்கள் பள்ளியில் படித்தவர், தச்சுத் தொழிலாளியின் மகள். நம்முடைய ஒருங்கிணைப்பாளரும் 600 எடுத்தவர்தான். அவர் காலத்தில் மொத்தம் 1200. ஆகவே ஊரோடு தங்கிவிட்டார். நூற்பாலையில் சூப்பர்வைசர், நிலக்கோட்டையில் பூக் கமிஷன் கடை, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கணக்குப்பிள்ளை, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை, எதுவுமில்லை என்றால் எல்.ஐ.சி. முகவர். தங்கியதுதான் அவருடைய தகுதி. வெளியூர்க்காரனுக்கு வகுப்புத் தோழன் என்பது ஒரு நினைவு. இவருக்கு அவன் வீடு எந்தத் தெருவில் இருந்தது, அதை எப்போது விற்றார்கள், அவன் அப்பா எந்தக் கடையில் டீ குடிக்கிறார் என்பதுவரை தெரியும். அந்த டீக்கடையில் தொடங்கினால் எந்த அமெரிக்காக்காரனையும் மூன்று நாளில் பிடித்துவிடலாம்.

பிடித்தபின் பேசும் விதத்தில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. முதல் நிமிடம் "நீங்க". எதிர்முனையில் குரல் இளகினால் "நீ". மூன்றாவது நிமிடம் "டேய்". தாசில்தாராகிவிட்ட தோழனிடம் மட்டும் "நீங்க"விலேயே அரை நாள் நிற்பார். அவராக "என்னடா இப்படிப் பேசுற" என்று கேட்கும்வரை இறங்கமாட்டார். ஆசிரியர் வீட்டுக்கு நேரில்தான் போவார். "ஐயா வந்து உட்காந்தாப் போதும், காருக்கு நானாச்சு." மற்ற எல்லாரிடமும் ஒரே வசனம்: "மாப்ள, நீ வரலேன்னா இது நடந்து என்ன பிரயோஜனம்?" இதை அத்தனை பேரிடமும் சொல்கிறாரே, பொய்யில்லையா என்று கேட்டால், இல்லை, ஒவ்வொருவரிடமும் சொல்லும்போது அந்த நிமிடத்துக்கு அவர் அதை நம்புகிறார். வசூலில்தான் மனித சுபாவம் வெளிப்படும். சிங்கப்பூர்க்காரர் அன்றைக்கே பணம் அனுப்பிவிட்டு மூன்று மாதம் கணக்குக் கேட்பார். உள்ளூரில் தறி ஓட்டுபவர் இரண்டு தவணையாகக் கொடுப்பார், ஒரு வார்த்தை கேட்கமாட்டார். சாப்பாட்டில் திண்டுக்கல்காரருக்கு ஒரு சலுகை உண்டு: என்ன போடுவது என்ற விவாதமே கிடையாது, சீரக சம்பா பிரியாணிதான். எந்தக் கடையில் வாங்குவது என்பதில்தான் நட்பு முறியும். நினைவுப் பரிசிலும் ஒரு சங்கடம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு இருக்கும் ஊர் இது. ஆனால் வந்தவன் கையில் பூட்டைக் கொடுத்தால் வாய்க்குப் போடச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வான். எவர்சில்வர் தட்டுக்கு அந்த ஆபத்து இல்லை.

இவரைப் பற்றிச் சொல்லப்படும் முதல் குற்றம், எல்லாம் வியாபாரத்துக்காகத்தான் என்பது. பாலிசி பிடிக்க, நான்குவழிச் சாலையோரம் பிளாட் விற்க, அடுத்த தேர்தலில் வார்டுக்கு நிற்க. கொஞ்சம் உண்மைதான். ஆனால் எல்.ஐ.சி. முகவருக்கு மற்றவர்களின் பிறந்தநாள், விலாசம், மனைவி பெயர், நாமினி பெயர் எல்லாம் தெரிந்திருப்பது தொழில். செட்டைச் சேர்க்க இதைவிடப் பொருத்தமான பயிற்சி எந்தப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும்? மேலும், லாபம் பார்க்கிறவர் உட்கார்ந்து கணக்குப் போட்டால் இரண்டாவது வருஷமே இந்த வேலையை விட்டிருப்பார். பள்ளிக்கு மின்விசிறி மாட்டுவது அரசாங்கத்தின் வேலை, இவர்களுக்கு எதற்கு என்றும் சிலர் கேட்கிறார்கள். 2024-இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். அதன்பிறகு அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு நாற்காலியே இருக்கிறது.

இன்னொரு குற்றச்சாட்டு கனமானது: இவர் பழையதைத் திரித்துச் சொல்கிறார். "நம்ம அத்தனை பேரும் ஒரே குடும்பமா இருந்தோம்" என்று மைக்கில் முழங்கும்போது, கீழே இருப்பவர்களில் பாதிப் பேர் ஒருவரை ஒருவர் இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். உண்மையே. ஆனால் அந்தக் குடும்பம் இல்லாமல் இருந்தது அன்றைக்கு. இன்றைக்கு ஒருவர் மகளுக்கு ரத்தம் தேவை என்று செய்தி போட்டால் ஒரு மணி நேரத்தில் நான்கு பேர் அரசு மருத்துவமனை வாசலில் நிற்கிறார்கள். சொல்லிச் சொல்லியே பொய்யை மெய்யாக்கிவிட்டவரிடம் பழைய வருகைப்பதிவேட்டைக் காட்டி என்ன பயன்? 2018-இல் வந்த '96' படத்தைப் பார்த்தவர்கள் ராமையும் ஜானுவையும் சொல்லி உருகுகிறார்கள். தஞ்சாவூர்ச் செட்டைச் சென்னையில் கூட்டிவைத்த நண்பர்கள் அந்தப் படத்தில் சிரிப்புக்கு மட்டும்தான். அவர்கள் இல்லாவிட்டால் ராம் ஊர் ஊராகப் படம் எடுத்துக்கொண்டே காலத்தைக் கழித்திருப்பார்.

பெண்கள் விஷயத்தில் மட்டும் இவருக்காக என்னால் வாதாட முடியவில்லை. இருபாலர் பள்ளியில் படித்திருந்தாலும் குழுப்படத்தில் பெண்கள் ஒரு வரிசைக்குக் காணமாட்டார்கள். கல்யாணத்தில் இனிஷியல் மாறியது, ஊர் மாறியது, கிடைக்கிற எண்ணில் கணவர் எடுத்து "யாரு நீங்க?" என்று கேட்டதும், தாசில்தாரையே அரை நாளில் வளைத்தவர் நா குழறி வைத்துவிடுகிறார். "சொல்லியனுப்பினோம், வரல" என்று பிறகு மைக்கில் சொல்வதில் சொல்லியனுப்பியது யாரிடம் என்பது கடைசிவரை தெரியாது. அந்தச் செட்டில் டெய்லர் கடையோ டியூஷனோ நடத்தும் ஒரு பெண் பொறுப்பை எடுத்தால்தான் நிலைமை மாறுகிறது. அவர் காலை பத்துக்கு ஆரம்பித்து மூன்று மணிக்கு முடிக்கிறார். பேருந்து நேரம் கேட்டுவிட்டுத்தான் தேதியே வைக்கிறார்.

மேடையில் ஒலிக்கும் இன்னொரு வசனத்தையும் நான் ஒப்பவில்லை: "வாத்தியார்கிட்ட அடி வாங்குனதாலதான் உருப்பட்டோம்." உருப்பட்டவர்களை மட்டும் கூட்டிவைத்துக் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். அடிக்குப் பயந்து எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ நின்று மில்லுக்குப் போனவன் அந்த மேடைக்கு வருவதில்லையே. பிளஸ் டூ கடைசி நாள் எடுத்த படத்தில் அவன் இல்லை. பள்ளியின் தேர்ச்சிப் பட்டியலிலும் இல்லை. சென்னைக்காரர்கள் போட்டுக் கொடுத்த எக்செல் பட்டியலிலும் இல்லை. ஆனால் ஒருங்கிணைப்பாளரின் பட்டியலில் இருக்கிறான். அவன் எந்த மில்லில் எந்த ஷிப்டு என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். "அவன் நம்ம கூட முடிக்கலையேடா" என்று யாராவது இழுத்தால், "முடிச்சவன மட்டும் கூப்புடுறதுக்கு இது என்ன பட்டமளிப்பு விழாவா?" என்பார். பள்ளிக்கூடம் வடிகட்டி வெளியே போட்டவர்களைத் திரும்பச் சேர்க்கிற ஒரே ஆவணம் இந்த மனிதர்தான். அடியைப் புகழும் அதே மைக்கில் அடி வாங்கி ஓடியவனையும் அவர் பெயர் சொல்லி அழைப்பதில் உள்ள முரண் அவருக்குத் தெரிவதில்லை. தெரியவேண்டிய அவசியமும் இல்லை, அவன் வந்து உட்கார்ந்துவிட்டான்.

இத்தனைக்கும் காரணம் கருணை என்று நினைத்துவிட வேண்டாம். விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலான ஒருங்கிணைப்பாளர்கள் ஒன்பதாவதில் ஒரு தரம் தங்கியவர்கள். அதனால் இவருக்கு மேல் செட்டு ஒன்று, கீழ்ச் செட்டு ஒன்று. இரண்டிலும் தோழர்கள், இரண்டு விழாவிலும் மேடை. இரண்டு செட்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு அடம்பிடிக்கும் வருஷத்தில், மண்டபத்தை ஒரு வாடகைக்குப் பேசி, முற்பகல் ஒரு செட்டு, பிற்பகல் ஒரு செட்டு, பிரியாணி மட்டும் பொது என்று முடித்துவிடுவார்.