நனையாத வடிகால்

எங்கள் ஊர்க் கிராவல் குழிக்கான மழைநீர் வடிகால் மற்றும் மண் அரிப்புத் தடுப்புத் திட்டத்தைக் கண்ணால் காணும் பாக்கியம் போன மாதம் எனக்குக் கிடைத்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, அலுவலகத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. 64 பக்கம், ஸ்பைரல் பைண்டிங், மேலே பளபளவென்று பிளாஸ்டிக் அட்டை. முதல் பக்கத்தைப் புரட்டும்போதே தெரிந்துவிட்டது, இது சாதாரண மனிதர்கள் செய்த காரியம் அல்ல.

குழியின் பரப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 4.90 ஹெக்டேர். 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரியானாலும் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கித்தான் ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீபக் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் 5-ஐத் தாண்டினால் ஊர் மக்களைக் கூட்டி உட்காரவைத்துக் கருத்தும் கேட்க வேண்டிவரும். வேகாத வெயிலில் எங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று நினைத்த கருணையை என்னவென்பது! 500 மீட்டருக்குள் இன்னொரு குழி இருந்தால் இரண்டின் பரப்பையும் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. பக்கத்துக் குழி, நல்லவேளையாக, 510 மீட்டரில் இருக்கிறது. நான் நடந்து பார்த்தேன், 500 எட்டுகூட வரவில்லை. என் கால் என்ன, அரசாங்க அளவைச் சங்கிலியா?

குழி விளிம்புக்கும் பக்கத்துப் பட்டா நிலத்துக்கும் நடுவே 7.5 மீட்டர் விட வேண்டும். ஏழரை என்றதும் சனியை நினைப்பவர்கள் நம்மவர்கள். இந்த ஏழரையோ மங்களகரமானது. அதற்குள் மூன்று வரிசை மரம், நான்கடுக்கு முள்வேலி, 1 மீட்டர் அகலமும் 1 மீட்டர் ஆழமும் உள்ள சுற்று வடிகால், அதன் கரை, ஓரத்தில் லாரி போக வழி, எல்லாவற்றையும் குடித்தனம் வைத்திருக்கிறார்கள். சென்னையில் ஒண்டுக்குடித்தனம் கட்டுபவர்கள் இவர்களிடம் பாடம் கேட்கலாம். மரங்களில் வேம்பும் புங்கனும் சரி. கூடவே ‘கடற்காற்றைத் தாங்கும் சவுக்கு’ என்று ஒரு வரி இருந்தது. எங்கள் ஊரிலிருந்து கடல் 80 கிலோமீட்டர். வேறொரு குவாரியின் திட்டத்தில் இருந்த வரி தவறி வந்து ஒட்டிக்கொண்டதாக என் நண்பர் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடல் ஒருநாள் எங்கள் ஊர் தேடி வரும் என்பதையும் கணக்கில் எடுத்த தொலைநோக்கு அது.

மழைக் கணக்குதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆண்டு மழை சுமார் 900 மில்லிமீட்டர். அதை 365-ஆல் வகுத்து, நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் என்று கண்டு, அந்த நீரைக் கொண்டுபோக இந்த வடிகால் தாராளம் என்று முடித்திருக்கிறார்கள். ஐப்பசியில் கொட்டித் தீர்த்துவிட்டுச் சித்திரையில் எட்டிப் பார்க்காத மழைக்கு இப்படி ஓர் ஒழுங்கைக் கற்பித்தவர்கள் உலகத்தில் உண்டா? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஒரு வருஷத்துக்கு உரியதை ஒரே நாளில் இறக்கிவிட்டுப் போன அந்த மேகம், வகுத்தல் தெரியாத மேகம்.

வரைபடத்தில் வடிகால் குழியை நான்கு பக்கமும் சமமாகச் சுற்றி வருகிறது. நிலம் மேற்கே மேடு, கிழக்கே பள்ளம். தண்ணீர் போய்ச் சேரும் வண்டல் தொட்டியை வடமேற்கு மூலையில், உள்ளதிலேயே உயரமான இடத்தில் வரைந்திருக்கிறார்கள். ஏன் என்று முதலில் விளங்கவில்லை. அப்புறம் பார்த்தால், தென்கிழக்கு மூலையில் குறியீட்டு விளக்கமும் ரப்பர் ஸ்டாம்பும் இருக்கின்றன, தொட்டிக்கு அங்கே இடம் இல்லை. தாளின் அழகுக்காகத் தண்ணீரை மேடேறச் சொல்லும் துணிச்சல் பகீரதனுக்குக்கூட வந்ததில்லை. அவனும் கங்கையைக் கீழேதான் இறக்கினான்.

குழியை அளக்க ஒருவர் வந்த அன்று எங்கள் கண்மாயின் மடை பார்க்கும் பெரியவர் குறுக்கே புகுந்து, “சார், தண்ணி இந்தப் பக்கமால்ல வரும்” என்று கிழக்கே கை காட்டினார். “பெரியவரே, நீங்க சொல்றதுக்கு ஏதாச்சும் ரெக்கார்டு இருக்கா?” என்று சார் பொறுமையாகக் கேட்டார். பெரியவரிடம் ஐம்பது வருஷமாகத் தண்ணீர் பாய்ச்சிய கால் இரண்டு இருந்தது. ரெக்கார்டு இல்லை.

வண்டல் தொட்டிக்கு வருவோம். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம். 6,000 லிட்டர் பிடிக்கும். 4.90 ஹெக்டேரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது 49 லட்சம் லிட்டர். அவ்வளவும் ஓடி வந்தால் தொட்டி 800 தடவைக்கு மேல் நிரம்பி வழிய வேண்டும். வழியட்டுமே, உழைப்புக்கு அஞ்சாத தொட்டி. பெருமணல் நொடிகளில் அடியில் தங்கிவிடும். களிக்கு மட்டும் நாள்கணக்கில் ஆகும். எங்கள் ஊர்ச் செம்மண் தண்ணீரை ஒரு சொம்பில் மொண்டு திண்ணையில் வைத்துப் பார்த்தேன். மறுநாள் காலையிலும் டீ நிறம்தான். தொட்டி அதைவிடச் சுறுசுறுப்பாகத் தெளிவிக்கும் என்று திட்டம் உறுதி தருகிறது. சரிவுகளில் வெட்டிவேர் நடப்பட்டுள்ளது என்றும் ஒரு வரி. மெய்யாகவே நட்டால் 3 மீட்டர் ஆழம்வரை வேர் இறங்கி மண்ணைக் கட்டிப்போடும் புல் அது. அவ்வளவு அழுத்தமான வேர் என்பதால்தானோ என்னவோ, கோப்பை விட்டு இன்னும் அசையவில்லை.

களத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், திட்டத்தின் பெருமைக்கு அது குறைவு இல்லை. மேற்கேயிருந்து வரும் வெள்ளம் குழி விளிம்பில் அருவியாக விழுகிறது. விழுகிற இடத்தில் அடிமண் கரைய, மேல்மண் பெயர்ந்து சரிய, விளிம்பு மழைக்கு மழை மேற்கே நடக்கிறது. முந்தின ஐப்பசியில் என் சித்தப்பாவின் வரப்புக்கு ஒன்பது எட்டுத் தூரத்தில் நின்றது. இப்போது வரப்பைக் காணோம். கிழக்கே லாரி ஏறி இறங்க வெட்டிய சரிவுப் பாதை வழியாகக் கலங்கல் தண்ணீர் நேரே எங்கள் வரத்துக் கால்வாயில் சேர்கிறது. இந்த ஊரில் வேலை செய்யும் ஒரே வடிகால் அதுதான், அது மட்டும் திட்டத்தில் இல்லை. கண்மாயில் மடைக்கல் முழங்கால் உயரத்துக்குப் புதைந்து கிடக்கிறது. 52-ஆம் பக்கத்தில் ‘மண் அரிப்பு: இல்லை’ என்று தெளிவாகவே போட்டிருப்பதால், சித்தப்பாவின் வரப்பு எங்கோ விருந்துக்குப் போயிருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

தொண்டைமானின் படைக்கொட்டிலைப் பார்த்த ஔவை, பீலி சூட்டி நெய் பூசிக் காவலில் வைத்த ஆயுதங்களைக் கண்டு வியந்தாளே, அந்த வியப்பு எனக்கும் வந்தது. கோப்பில் ஒரு மடிப்பு இல்லை, ஒரு விரல் ரேகை இல்லை, ஒரு பொட்டுச் சேறு இல்லை. மடை பார்க்கும் பெரியவரின் மம்பட்டி இந்த லட்சணத்தில் இல்லை. இலை தேய்ந்து, காம்பு ஒடிந்து, கொல்லன் பட்டறையில் கிடக்கிறது.

ஒரு மணி நேரம் முடிந்தது. கோப்பை நாடா கட்டித் திருப்பிக் கொடுத்தேன், ஜன்னலோர பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். ஐப்பசி பிறக்கப் போகிறது, அந்த ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை. அலுவலகத்தாருக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: சாரல் அடிக்கும், பீரோவைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடுங்கள்.