கொம்புக்குப் பெயிண்ட் அடிச்சவன் சொல்றேன், கேளு

வாடா பேராண்டி, ஒக்காரு. ஷிப்ட் முடிஞ்சி ஒரகடத்துலேர்ந்து கம்பெனி பஸ்ஸுல வந்து எறங்கி, மொகம்கூடக் கழுவாம ஸ்பிரே டப்பாவும் கையுமா நிக்கிறியே, பாக்கவே கண்ணு நெறயுது. பாப்பாவோட பொம்மைக் காரைப் புதுசாக்கப் போறியாம். செய்யி, நல்ல புத்திதான்.

சுங்குவார்சத்திரம் காயலாங்கடையில எடைக்கு எடுத்த காரு. ஊருக்குத் திரும்பிப் போன கொரியாக்காரங்க வூட்டுச் சாமானோட வந்துச்சின்னான் கடைக்காரன். ரெண்டு வருஷமா அதுல பொம்மை மட்டுமா ஏறுச்சி? கோழிக்குஞ்சு, புளியங்கொட்டை, என் மூக்குக் கண்ணாடி, எல்லாம் சவாரி போயிடுச்சி. இப்ப ரோசு கலரு வெளுத்து, ஒரு சக்கரம் தொங்குது. உன் பொண்டாட்டி போனைப் பாத்து ஒண்ணு சொன்னா. பார்பி பொம்மை 1959ல வந்துச்சாம், 1962லயே அதுக்கு ஆஸ்டின்-ஹீலி காரு வந்துடுச்சாம். மூணே வருஷத்துல காரு! எனக்கு சைக்கிள் வாங்கவே முப்பது வயசு ஆச்சுடா.

நான் எதாச்சும் சொல்லலாம்னு வாயத் தொறந்தா, "கார் கம்பெனி பெயிண்ட் ஷாப்புல இருக்கிறவனுக்கே பாடமா தாத்தா?"ன்னு கேக்கற. நாயந்தான். ஆனா அங்க பெயிண்ட் அடிக்கிறது ரோபோ. நீ பம்பரைத் தூக்கி மாட்டி விடற. கொம்பு மேல ஒக்காந்த ஈ, நானும் உழுதேன்னு சொன்ன கதை அது. நான் நாப்பது வருஷம் லாரி பாடிக்கும், பொங்கலுக்குப் பொங்கல் மாட்டுக் கொம்புக்கும் அடிச்சவன். கொம்பு ஆடும், முட்டும். காரு சும்மா கெடக்கும். உனக்கு வேலை சுளுவு.

சீக்கிரமா நாசம் பண்ணணும்னா வழி இருக்கு. கழுவாத. தின்னரை ஊத்தித் தொடை. ஏபிஎஸ், பாலிஸ்டைரீன் மாதிரி பிளாஸ்டிக்கா இருந்தா வெயில்ல வெச்ச வெல்லமாட்டம் பிசுபிசுன்னு ஆயிடும். அப்பால டப்பாவை மூஞ்சிக்கு நேரா வெச்சி ஒரே மூச்சுல அடி. ஓணான் வாலாட்டம் வழியும். அதையும் ஐப்பசி மழையில அடிச்சா, லேக்கர் பெயிண்டா இருந்தா ஈரத்தைக் குடிச்சி சாம்பல் பூத்து நிக்கும். ஒரே நாள்ல முடிஞ்சிடும். பாப்பாவும் ஒரே நாள்ல அழுது முடிச்சிடுவா.

அது வேணாம்னா இப்படி வா. காரைக் கவுத்துப் போடு. அடியில முக்கோணத்துக்குள்ள ஒரு நம்பர் இருக்குதா பாரு. 5ன்னு இருந்தா அது பாலிபுரொப்பிலீன். நம்பர் அழிஞ்சி போயிருந்தா, ஸ்டீரிங்கைக் கழட்டித் தண்ணி பக்கெட்டுல போடு. ஏபிஎஸ்ஸும் பிவிசியும் முழுவும். பாலிபுரொப்பிலீனும் பாலிதீனும் மெதக்கும். தோ, நான் நேத்தே போட்டுப் பாத்துட்டேன், தக்கையாட்டம் மெதக்குது. ஸ்டீரிங்கைக் காணோம்னு நேத்து ராத்திரி வூட்டையே பொரட்டுனியே, அது என் பக்கெட்டுலதான் நீந்திக்கினு இருந்துச்சி.

மெதக்கறதுகிட்ட ஒரு கொணம் உண்டு. உன் மாமனார் மாதிரி, எதைச் சொன்னாலும் ஒட்டாது. பெயிண்ட் அடிச்சா மறுநாள் நகத்தால உரிச்சிடலாம், பசை போட்டாலும் புடிக்காது. நீ தெனம் தூக்கற பம்பரும் பெரும்பாலும் இதே சாதிதான். அதுல மட்டும் எப்படி ஒட்டுது? பல கம்பெனியில மொதல்ல நெருப்புச் சுவாலையை மேலாக்க ஒரு வீச்சு காட்டி, மேல்தோலை மாத்திட்டுத்தான் பிரைமர் அடிப்பான். அதுக்குன்னு நீ அடுப்பு பத்த வெக்காத. பாலிபுரொப்பிலீனுக்குன்னு போட்ட பிளாஸ்டிக் பிரைமரா கேட்டு வாங்கு. சக்கரத்துக்குப் பசை எதுக்கு? அச்சுக் கம்பியைக் கிருஷ்ணாயில்ல ஊறவெச்சித் துரு எடுத்து, சைக்கிள் கடையில ஒரு வாஷர் வாங்கிப் போடு.

முக்கால்வாசி வேலை கழுவறதுதான். ஸ்டிக்கர் பசைக்குத் தேங்காயெண்ணெய் தடவு. அந்த எண்ணெயும் பாப்பா கையெண்ணெயும் போக சோப்புத் தண்ணியில ரெண்டு தரம் தேயி. வாட்டர் பேப்பர்ல 600, அப்பால 1000. ஒரு சாண், ஒன்றரைச் சாண் தள்ளி நின்னு, பனி விழறாப்புல மெல்லிசா நாலு பூச்சு. ரோட்டோரம் வேணாம், போற வர்ற கன்டெய்னர் லாரி எல்லாம் உன் காருக்கு அஞ்சாவது பூச்சு போட்டுட்டுப் போயிடும். முடிச்சி ஒரு வாரம் காய வையி.

பரண்ல இருக்குற என் பழைய மஞ்சள் எனாமலைத் தொட்டேன்னா கை ஒடஞ்சிடும். அந்தக் கால மஞ்சள்ல ஈயம் கலந்திருக்கும். வூட்டுப் பெயிண்டுல பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல ஈயம் கூடாதுன்னு 2017 நவம்பர்லதான் சட்டம் அமுலுக்கு வந்துச்சி. மாடு கொம்பை நக்காது. பாப்பா காரைக் கடிப்பா. அதனால நீ வாங்குற டப்பாவுலயும் ஈயம் இல்லைன்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்கு.

பெரும்புதூருல பொறந்துட்டு ராமானுசரை வுட்டுட்டுப் பேச முடியுமா? 1017ல அவரு அவதாரம் பண்ண ஊராச்சே. அவருக்கு மூணு திருமேனி சொல்லுவாங்க. சீரங்கத்துல தானான திருமேனி. மேல்கோட்டையில தமர் உகந்த திருமேனி, அதாவது கூட இருந்தவங்க ஆசைப்பட்டது. நம்மூர்ல தான் உகந்த திருமேனி, அவரே கட்டித் தழுவி ஒத்துக்கினது. சாமியையும் பொம்மைக் காரையும் ஒண்ணாச் சொல்றேனேன்னு கன்னத்துல போட்டுக்கறேன். ஆனா நீ செய்யப் போறது தமர் உகந்தது. ஓட்டறவ உகந்துக்கினாளான்னு கேட்டியா?

நான் கேட்டேன். பாதி கடலை உருண்டை லஞ்சம் குடுத்துட்டு, காதுல சொன்னா. "அப்பா கதவைத் தேய்ச்சிடுவாரா தாத்தா?" கதவைப் போய்ப் பாரு. ஊக்கால கீறி நாலு புள்ளிக் கோலம் போட்டு வெச்சிருக்கா, ஒரு இழை கோணலா. அது அழிஞ்சிட்டா காரே வேற யாரோடதோ ஆயிடும். அதனால கதவு மேல பேப்பரை ஒட்டி மூடிட்டு மிச்சத்துக்கு அடி. நீ தேய்க்கிறதுல கெட்டிக்காரன், வுடறதுலயும் கெட்டிக்காரனான்னு பாப்போம்.

ஸ்பிரே டப்பாவை எங்க வெச்சோம்னு தேடாத, பேசிக்கினு இருக்கச் சொல்லவே எடுத்து ஒளிச்சிட்டேன். மொதல்ல சக்கரத்தை மாட்டி வாசல்ல ஓட்டிக் காட்டு. அப்பவும் அந்த டப்பாவைத் தர மாட்டேன். நீ வாங்கியாந்தது செவப்பு. அவ கேட்டது நம்ம மாட்டுக் கொம்புப் பச்சை.