உரிமைக்காரி உம்ம வீட்லதான் இருக்கா, மருமகனே

என்ன மருமகனே, முகம் வாடிக் கெடக்கு? எவனோ உம்ம வீடியோவைத் தூக்கி அவன் சேனல்ல போட்டுட்டான்னு தெருவெல்லாம் ஒப்பாரி வச்சீராமே. யூடியூப்காரனுக்குப் புகார் எழுதி ஸ்ட்ரைக்கும் அடிச்சாச்சாம். தொண்ணூறு நாளுக்குள்ள மூணு விழுந்தா சேனலையே மூடிருவான்லா? நல்லா விழட்டும். திருட்டு திருட்டுதான், நான் இல்லங்கல.

ஆனா ஒண்ணு கேக்குதேன், கோவிச்சுக்கிடப்படாது. விடியுமுன்ன எனக்கு ஒரு கவிதை அனுப்புதீரே, அதுக்குக் கீழ எழுதுனவன் பேரு எங்க வே? 'படித்ததில் பிடித்தது'ன்னு மட்டும் இருக்கு. பேரு தெரியலைன்னா இருக்கவே இருக்காரு அப்துல் கலாம். தாய் தகப்பன் தெரியாத பொன்மொழியை எல்லாம் அவரு தலையில கட்டிருதீரு. அந்த மனுசன் 2015-ல காலமாயிட்டாரு. உம்ம வாட்ஸ்அப்புல மட்டும் தெனம் காலையில புதுசு புதுசா எழுதிக்கிட்டிருக்காரு. மிச்சம் மீதி இருந்தா பாரதியாருக்கு.

பாரதி பாட்டு பொதுச் சொத்துதானேம்பீரு. அது சும்மா பொதுவாயிரல. உரிமை கைமாறிக் கைமாறி ஏவி. மெய்யப்பன்கிட்டப் போயி, ஓமந்தூரார் ஆட்சியில 1949-ல அரசாங்கம் வாங்கி, பொறவுதான் எல்லாருக்கும்னு ஆச்சு. அவரு எழுதுனதை யாரும் அச்சடிக்கலாம், பாடலாம். எழுதாததை அவரு பேருல எழுதிவைக்க உமக்கு யாரும் பட்டா போட்டுத் தரல.

எழுதுனவன் உசுரோட இருக்க வரைக்கும், செத்த பொறவு அறுபது வருசத்துக்கும் உரிமை அவன் பக்கந்தான். 1957 சட்டம் அப்படித்தான் சொல்லுது. காசுக்கு அந்த உரிமையை வித்துட்டாலும் 'இது நான் எழுதுனது'ங்கிற பாத்தியதை அவனை விட்டுப் போகாது. நீரு என்னடான்னா ஒரு விரலால பேரை அமுக்கி அழிச்சிட்டு அனுப்புதீரு. வாரப் பத்திரிகை ஊருக்கு பஸ் ஏறுமுன்ன உம்ம டெலிகிராம்ல பிடிஎஃப் வந்து குந்திக்கிடுது. டீக்கடையில வடை சுட்டவனுக்குக் காசு கொடுக்கீரே, கதை எழுதுனவனுக்கு மட்டும் பசிக்காதோ?

சரி, பெரியவங்க சங்கதி எப்படியும் போகட்டும். மக பேச்சுப் போட்டிக்குப் போனாளே, அந்தப் பேச்சை யாரு எழுதுனது? சாட்ஜிபிடிதானே? 'என் உள்ளத்தில் உதித்த எண்ணங்கள்'னு பிள்ளை மேடையில ஆரம்பிக்கா, நீரு முன்வரிசையில கண்ணத் தொடைக்கீரு. அடுத்த வாரமே, பரீட்சையில பக்கத்துப் பிள்ளையைப் பாத்து எழுதுனான்னு அவளை வெளுத்து வாங்குதீரு. அவ என்ன செய்வா, பாவம்? போட்டிக்குச் சரி, பரீட்சைக்குத் தப்புன்னு எந்தப் பாடத்துல போட்டிருக்கு?

இத்தனைக்கும் அவ சொந்தமா ஒண்ணு செஞ்சா. ஆட்டுக்குட்டி வரைஞ்சா, அஞ்சு காலோட. ஒண்ணு வாலாம், எனக்கு வெளங்கத்தான் நேரமாச்சு. நீரு அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம, இருக்கிற குரூப்புக்கெல்லாம் தட்டிவிட்டுட்டீரு. பெத்தவன் போடுதேன், என்ன தப்புங்கீரு. படைச்சவனுக்கு இத்தனை வயசு ஆகணும்னு சட்டத்துல எங்கயும் இல்ல, மருமகனே. ஆட்டுக்குட்டிக்கு உரிமைக்காரி அவதான். நல்லபடியா நூறு வயசு இருந்து, அதுக்கு மேல அறுபது வருசம் அவ வாரிசுகளுக்கு. அப்ப நாமளும் இருக்கமாட்டோம், வாட்ஸ்அப்பும் இருக்காது.

படமாவது பரவால்ல. ஊசி போடையில அவ அழுததையும் எடுத்துப் பாட்டு சேத்துப் போட்டீரே, ஊரே லைக் போட்டுச்சு. பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையோட விவரத்தைக் கம்பெனிக்காரன் தொடணும்னா அப்பன் ஆத்தாகிட்டச் சம்மதம் வாங்கணும்னு 2023-ல சட்டம் வந்திருக்கு. நல்ல சட்டந்தான். ஆனா அப்பனே போனைத் தூக்கிட்டு வந்தா பிள்ளை யாருகிட்டப் போயிச் சொல்லும்?

உம்ம வீடியோவை எடுத்தவன் மேல நீரு போட்ட புகாரை வாபஸ் வாங்கச் சொல்லல. அதே நியாயத்தை வீட்டுக்குள்ளயும் கொண்டுபோம். இன்னைக்கே அவளைப் பக்கத்துல உக்காத்தி வச்சு, போட்டதை எல்லாம் ஒவ்வொண்ணாக் காட்டிக் கேளும். இருக்கட்டும்னா இருக்கட்டும். வேண்டாம்னா அழிச்சிரும். ஏன்னு மட்டும் கேக்காதேயும். உரிமைக்காரி காரணம் சொல்லணும்னு எந்தச் சட்டத்துலயும் எழுதல.