கண்ணில் படாத எழுத்துருவைக் கண்டறிதல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

கலைக் கண்காட்சிக்கு வருவோர் இரு வகையினர். படத்தைப் பார்த்துவிட்டு லேபிளைப் படிப்போர் ஒரு வகை. லேபிளைப் படித்த திருப்தியில் படத்தைப் பார்க்காமலே நகர்வோர் மற்றொரு வகை. லேபிள் எந்த எழுத்துருவில் இருந்தது என்று கேட்டால் இரு சாராரும் திருதிருவென விழிப்பர். இவ்விழிப்பே நம் ஆய்வுக்கு மூலாதாரம். யார் கண்ணிலும் படாத எழுத்துருவே உத்தமம் என்பது கருதுகோள். இதற்குச் சாட்சி கிடைக்காது. கிடைத்தால் கருதுகோளே பொய்த்துப்போகும்.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்வோம். மோரிஸ் ஃபுல்லர் பென்டன் 1902-இல் வரைந்த ஃபிராங்க்ளின் காதிக் எழுத்துருவை அது 1964-இல் தன் முகமாக ஏற்றது. உலோக அச்சுக் காலத்தில் எழுத்தை அளவுக்கு அளவு தனியாக வெட்டினார்கள். பொடி எழுத்தில் மை அப்பாதிருக்க உள்ளே வெளி கூட்டுவதும் உண்டு. கணினி வந்தபின் ஒரே வரைவையே இழுத்துப் பெரிதாக்கினார்கள். அடிக்குறிப்புக்குத் தைத்த சட்டையை வாசற்பலகை போட்டுக்கொண்டது. 2003 வாக்கில் எழுத்துரு வடிவமைப்பாளர் மாத்யூ கார்ட்டர் பழைய உலோக எழுத்துகளைப் பார்த்துத் திருத்தி வரைந்தார். அருங்காட்சியகம் 'MoMA' என்ற தன் சுருக்கப்பெயரில் சின்ன எழுத்தாகவே எழுதும் அந்த 'ஓ'வைக் கிட்டப்போய்ப் பாருங்கள்: இரு விலாவிலும் கோடு தடித்து, உச்சியிலும் அடியிலும் மெலிந்திருக்கும். மற்றபடி, பழையது எது புதியது எது என்று வழிப்போக்கரால் சொல்ல முடியாது. கருதுகோளுக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேண்டுமா?

கண்காட்சிக் கேட்லாக் தனிக்கதை. புத்தகத்தின் எடை ஏற ஏற எழுத்து சிறுத்துச் சாம்பல் பூக்கும் என்பது அனுபவ விதி. ஓவியத்தோடு எழுத்து மல்லுக்கட்டக் கூடாது என்பது வடிவமைப்பாளர் கட்சி. கட்டுரை எழுதிக் கொடுத்த விமர்சகரின் கட்சியை இங்கே அச்சிட இயலாது.

நம் கருதுகோளுக்குச் சிக்கல் 2007-இல் வந்தது. ஹெல்வெட்டிகா எழுத்துருவின் ஐம்பதாண்டு நிறைவுக்கு அதே அருங்காட்சியகம் கண்காட்சி வைத்தது. 2011-இல் 23 கணினி எழுத்துருக்களைத் தன் சேகரிப்பிலும் சேர்த்தது. கார்ட்டரின் வெர்டானாவும் அதில் அடக்கம். எழுத்துருவே காட்சிப்பொருளாகிச் சுவரேறினால் அதன் லேபிளை எந்த எழுத்துருவில் போடுவது? அதே எழுத்துருவில் போட்டால் எது பொருள், எது குறிப்பு என்று காவலாளிக்கே குழப்பம். வேறொன்றில் போட்டால் விருந்தாளியை நிற்கவைத்து அவர் பங்காளியை மேடையேற்றியதாகும். அறிஞர்கள் இதில் இரு அணியாகப் பிரிவது நிச்சயம். பார்வையாளர்களோ கழிப்பறை அம்புக்குறியைப் பிழையின்றிப் படித்து, வரிசையில் நிற்கிறார்கள்.