பூட்டனுக்கும் ஒரு கட்டம்

கண்டி
20.8.2017

அன்புள்ள அப்பாயிக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். தம்பி இதை உனக்கு வாசித்துக் காட்டுவான். (டேய், நிறுத்தி நிதானமா வாசி. அடைப்புக்குறிக்குள் இருப்பது உனக்கு மட்டும். அப்பாயி காதில் விழ வேண்டாம்.)

உன் கொள்ளுப்பேத்திக்கு ஏழு மாதம் ஆகிறது. தவழ ஆரம்பித்துவிட்டாள். கையில் அகப்படுகிற காகிதத்தையெல்லாம் வாயில் போட்டு மெல்லுகிறாள். நான் தடுப்பதில்லை. அவள் பிறந்தாள் என்பதை நிரூபிக்க இந்த ஏழு மாதத்தில் நான் சேர்த்த காகிதத்தைப் பார்த்தால் அவளுக்கும் கோபம் வரத்தானே செய்யும்? (அசல் எல்லாம் பீரோவில் பத்திரம். மெல்லுவது கொப்பி மட்டும்.)

கொப்பி என்றதும் ஞாபகம் வருகிறது. கோத்தகிரிக்கு வந்த புதிதில் உன் கண்டித் தமிழைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள் என்பாயே, அந்தக் கடனை இப்போது நான் அடைக்கிறேன். கடையில் போய், "அண்ணே, ரெண்டு ஜெராக்ஸ்" என்றேன். "அது முடிஞ்சு போச்சு தம்பி, வேற சாமான் இருக்கு, தரவா?" என்றார். சோப்போ பிஸ்கட்டோ என்று நினைத்துவிட்டார். 'போட்டோ கொப்பி' என்று கேட்க வேண்டுமாம். ஆட்டோ என்றாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், த்ரீவீல் என்றால் நாலு வந்து நிற்கும்.

இங்கே பிள்ளை பிறந்தால் 42 நாளுக்குள் பதிய வேண்டும். தாத்தாவின் பேரன் 42 நாள் பொறுப்பானா? ஐந்தாம் நாளே போய் நின்றேன். 'பேப்பர் இல்லாதவன் பொறக்காதவன்' என்று அவர் சொல்லிச் சொல்லி வளர்த்த உடம்பு இது. இலங்கையிலிருந்து வந்து இறங்கிய மண்டபம் கேம்ப்பில் மழை கொட்டியபோது உன் தலைக்குப் பிடிக்காமல் தகரப் பெட்டிக்குக் குடை பிடித்தார் என்று இன்றைக்கும் அவரைத் திட்டுகிறாயே, அந்தப் பெட்டிக்கு வாரிசு நான்தான்.

பதிவாளர் நல்ல மனுஷர். கண்டிச் சிங்களவர், தமிழும் கொஞ்சம் பேசினார். என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "இது யார் பேர்?" என்றார். "அப்பா பேர்." "அப்ப உங்க பேர்?" "அது முன்னால இருக்குங்க ஐயா."

பாஸ்போர்ட் எடுக்கிறபோது இனிஷியலை விரிக்கச் சொன்னார்கள், விரித்தேன். அன்றிலிருந்து அப்பாவின் பெயர் எனக்குக் குடும்பப் பெயர். எந்த ஆபீஸில் உட்கார்ந்தாலும் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் வாசலைத் திரும்பிப் பார்க்கிறேன். பிள்ளைக்கு என் பெயர் குடும்பப் பெயர். அவள் அம்மாவுக்கோ கல்யாணச் சான்றிதழில் மாமனார் இனிஷியல், பாஸ்போர்ட்டில் என் பெயர். பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "மூணு பேரும் ஒரே குடும்பந்தானா?" என்று கேட்டார். அவர் மேஜைப் பலகையில் அவர் பெயருக்கு முன்னாலேயே இரண்டு எழுத்து. கண்டிப் பக்கம் அப்படித்தான். அதை விரித்தால் 'முதியான்சேலாகே' என்று பதுளைக் கோச்சி நீளத்துக்குப் போகும். அவர் என் ஒற்றை எழுத்தைப் பார்த்துத் தலையைச் சொறிகிறார்!

அடுத்து பிள்ளையின் பெயர். யாழினி என்று போனில் சொன்னதும், "வாயில நுழையலையே" என்றாய். அப்பாயி, உன் வாய் பரவாயில்லை. சிங்களத்தில் ழகரமே கிடையாது. தமிழில் பதிந்து தரச் சொல்லியிருக்கலாம். பெண் பிறந்த சந்தோஷத்தில், பதிவாளர் சிங்களத்தில் எழுதியதை நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன், தப்பு என்னுடையதுதான். அதை ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் இங்கிலீஷில் பெயர்த்துத் தந்தார். யாலினி. இதற்குள் அவள் அம்மா இந்தியப் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் நம் ஊர் வழக்கப்படி 'இசட் எச்' போட்டு யாழினி என்று நிரப்பிவிட்டாள். பெற்றது ஒரு பிள்ளை, பேப்பரில் இரட்டை. கடைசியில் பேப்பரில் யாலினி, தொட்டிலில் யாழினி என்று முடிவானது. பக்கத்து வீட்டு அக்கா இரண்டையும் கேட்டுவிட்டு, "பிள்ளைக்கு யாழ்ப்பாணமோ?" என்றார்.

இனிமேல்தான் விஷயம். பதிவாளரின் பிறப்புப் பதிவு ஃபாரத்தில் இரண்டு கட்டம் உண்டு. பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் முழுப் பெயர், பிறந்த வருஷம், பிறந்த இடம். தகப்பன் இலங்கையில் பிறக்காமல் பூட்டன் இங்கே பிறந்திருந்தால் அவருக்கும் அதே மூன்றும். வெளிநாட்டுக்காரப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று பதிவாளர் குறுக்கே கோடு போடப் பேனாவைக் கொண்டுபோனார். "இருங்க ஐயா" என்றேன்.

பாட்டன், அதாவது நம்ம அப்பா: 1966, தெல்தோட்டைக்கு மேலே உங்கள் தோட்டம். பூட்டன், நம்ம தாத்தா: 1940, அதே தோட்டம். பேனா நின்றுவிட்டது.

"அப்ப நீங்க எங்க பொறந்தது?"

"கோத்தகிரி."

"அங்க என்ன இருக்கு?"

"தேயிலை."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் இரண்டு கட்டத்தையும் முத்து முத்தாக நிரப்பினார். இனம் என்ற இடத்தில் 'இந்தியத் தமிழர்' என்று எழுதினார். கோத்தகிரியில் இன்றைக்கும் நாம் சிலோன்காரர் வீடு.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கட்டங்களின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். எல்லாம் 1948ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் போட்ட முடிச்சு. அந்த வருஷம் நவம்பர் 15க்கு முன்னால் இங்கே பிறந்தவருக்குத் தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். யாழினிக்குத்தான் பாட்டனும் பூட்டனும் தெல்தோட்டையாயிற்றே! ஆக உன் கொள்ளுப்பேத்தி இலங்கைப் பிரஜையாவதற்கு ஒரே ஒரு குறைதான், 68 வருஷம் பிந்திப் பிறந்துவிட்டாள். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றவர் பிரஜையாக இருக்க வேண்டும், இந்த மண்ணில் பிறந்தது மட்டும் கணக்கில் வராது.

சரியான காலத்தில் பிறந்த தாத்தாவுக்கோ வேறு குறை. அவர் அப்பாவும் அதே தோட்டத்து லயத்தில்தான் பிறந்தார். சாட்சி சொல்ல லயம் முழுக்க ஆள் இருந்தது, பேப்பர் இல்லை. 1964இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியும் உட்கார்ந்து இப்படிப்பட்டவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பத்து வருஷம் காயப்போட்டு, 1974இல் இந்திரா காந்தி காலத்தில் பாதிக்குப் பாதி. நம் ஊரில் பங்குக் கறி போடுகிறவர்கள்கூட எலும்பு யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். கண்டியின் கடைசி ராஜாவையே வெள்ளைக்காரன் 1815இல் பிடித்து, பிறகு வேலூருக்கு அனுப்பிவிட்டான். கண்டி ஏரியை வெட்டிய மனுஷன், வேலூர் வெயிலில் 1832இல் செத்தார். அதைப் பார்த்தால் தாத்தாவுக்குக் குளிர் பிரதேசமாகக் கிடைத்தது அதிர்ஷ்டம்தான். (இந்த இடத்தில் அப்பாயி கண்ணைத் துடைத்தால் அடுத்த பத்தியை விட்டுவிடு.)

இந்த வருஷம் சிலோன் தேயிலைக்கு 150 வயது என்று ஊரெல்லாம் கொண்டாட்டம். 1867, லூல்கந்துர தோட்டம், நட்டவர் ஜேம்ஸ் டெய்லர், 19 ஏக்கர். உங்கள் தோட்டத்துக்குப் பக்கத்து மலைதான். செடிக்குப் பிறந்த வருஷம், இடம், ஆளின் பெயர், நிலத்தின் அளவு எல்லாம் ரெக்கார்டு இருக்கிறது. கொழுந்து எடுத்தவர்களுடைய பேப்பர்தான் எப்போதும் காணாமல் போயிருக்கிறது.

இனி இந்தியப் பக்கம். கண்டியில் நம் அரசாங்கத்துக்கு 'இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம்' இருக்கிறது. பெயரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் பிராணாயாமம் தனியாகச் செய்ய வேண்டாம். வெளிநாட்டில் பிறந்த இந்தியப் பிள்ளையை ஒரு வருஷத்துக்குள் இப்படியோர் இடத்தில் பதிய வேண்டும், 1955ஆம் வருஷத்துச் சட்டம். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் எதுவும் பிள்ளையிடம் இல்லை என்று நாங்கள் இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அன்றைய தேதியில் அவள் கையிருப்பு ஒரு கிலுகிலுப்பை.

நீயும் தாத்தாவும் 1973இல் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அலைந்ததும் இதே கண்டிக்குத்தானே? இந்தியாவைக் கண்ணால் பார்க்காத தாத்தாவுக்கு அன்றைக்கு இந்தியர் என்று எழுதிக் கொடுத்தார்கள். இந்தியாவைக் கண்ணால் பார்க்காத அவர் கொள்ளுப்பேத்திக்கும் இன்றைக்கு அதையே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நம் வீட்டுக்கு இது பரம்பரைத் தொழில் ஆகிவிட்டது.

போட்டோ எடுத்த கதையைக் கேள். வெள்ளைப் பின்னணி, கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், காது தெரிய வேண்டும், பிடிக்கிறவர் கை தெரியக் கூடாது. இரண்டு மாதப் பிள்ளை! கண்ணைத் திறந்தால் வாயையும் திறக்கிறாள். வாயை மூடினால் தூங்கிவிடுகிறாள். ஸ்டூடியோக்காரர் வெள்ளை பெட்ஷீட்டில் படுக்கப் போட்டு, நாற்காலி மேல் ஏறி நின்று, "பபா, பபா" என்று பூனை மாதிரியும் காகம் மாதிரியும் கத்திப் பார்த்தார். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் சிரித்தன, இவள் மட்டும் முறைத்தாள். அந்த முறைப்புத்தான் பாஸ்போர்ட்டில் இருக்கிறது, சாட்சாத் உன் முகம். (கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை அழிக்கச் சொன்னார்கள், அழித்தோம். அப்பாயிக்குத் தெரிந்தால் மூன்று நாள் சாப்பிட மாட்டாள்.)

அடுத்தது கைரேகை. மூடிய கையைத் திறந்து பார்த்திருக்கிறாயா? தோட்டத்துக் கங்காணி கையிலிருந்து சம்பளம் வாங்குகிற மாதிரி. ஒவ்வொரு விரலாக விரித்தால் முதல் விரல் மறுபடி மூடிக்கொள்கிறது. மை அவள் கையில் கொஞ்சம், என் சட்டையில் மிச்சம். நாலு ஃபாரம் பாழ், ஐந்தாவதில் ஒரு கறை விழுந்தது. ரேகை என்று ஏற்றுக்கொண்டார்கள்.

பாஸ்போர்ட் வந்ததும் இங்கே இருக்க விசா. ஒரு ஃபாரத்தில் 'இலங்கைக்கு வந்த தேதி, வந்த விமானம்' என்று இருந்தது. நானும் யோசித்துப் பார்த்துப் பிறந்த தேதியைப் போட்டு, வாகனம் என்று த்ரீவீலை எழுதினேன், ஆஸ்பத்திரியிலிருந்து அதில்தானே வந்தாள். குமாஸ்தா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "ஹெட்ட என்ன" என்றார். "என்னன்னா சார், பிள்ளை இங்கேயே பொறந்தது..." என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவர் மறுபடியும், "ஹெட்ட என்ன." நான் மறுபடியும், "அதைத்தான் சார் சொல்றேன்." வரிசையில் நின்ற ஒரு பெரியம்மா என் தோளைத் தொட்டு, "தம்பி, நாளைக்கி வாங்கன்னு சொல்றாரு" என்றார். 27 வருஷம் இங்கே இருந்தவள் நீ, இந்த ஒரு வார்த்தையை எனக்குச் சொல்லித் தந்திருக்கக் கூடாதா?

நாளைக்குப் போய், நாளை மறுநாளும் போய், பெரஹரா கூட்டத்துக்குள் புகுந்து ஒருநாள் போய், ஒருவழியாக விசா வாங்கிவிட்டோம். அதில் ஒரு தேதி குத்தியிருக்கிறது, அதற்குள் யாழினி இந்த நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். தோட்டத்தை விட்டுப் போக உங்களுக்குக் கொடுத்த தவணையைவிட இவளுக்குக் கொஞ்சம் தாராளம்தான்.

அதற்குள் நீ ஒருமுறை வந்து போ. அப்போது ராமேஸ்வரத்துக்கு ராமானுஜம் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே போனாய். இப்போது மதுரையில் விமானம் ஏறினால் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் கொழும்பு. லயத்தையும் பார்த்துவிட்டு வரலாம். மேல் லயமா கீழ் லயமா, எத்தனையாவது காம்பரா என்று மட்டும் தம்பியிடம் சொல்லி எழுதச் சொல்.

உனக்கும் விசா எடுக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில், 'இதற்கு முன் இலங்கைக்கு வந்ததுண்டா?' என்று கேட்பார்கள். என்ன எழுதுவது என்று நீ கொஞ்சம் யோசித்து வை.

அன்புடன்,
உன் பேரன்