மலாயா எண்ணிட்ட விமானமும் நரைமுடிக் கோட்பாடும்: 1/72 அளவில் ஒரு மூலபாட ஆய்வு

முதல் உலகப் போர்க்கால இரட்டைச் சிறகு விமானங்களின் மாடல் கிட்டை வாங்கிக் கட்டுவோர் ஒரு சாரார். கட்டியதோடு நில்லாமல் அதைத் திருத்துவோர் மறு சாரார். முன்னவர்கள் மகிழ்ச்சியாக இருப்பதால் அவர்களிடம் ஆய்வுக்குரிய சிக்கல் ஏதும் இல்லை. அவர்களை இத்துடன் விடலாம். பெட்டியைப் பிரிக்காமலே அடுக்கி வைப்போர் தத்துவத் துறைக்கு உரியவர்கள். எஞ்சும் திருத்துவோரைப் பற்றி இக்கட்டுரை நிறுவ விழைவது ஒன்றுதான்: அவர்கள் செய்வது தச்சு வேலையன்று, சுவடிப் பதிப்பு, அதற்கு உலகிலேயே தகுந்த இடம் கேமரன் மலையின் தானா ராத்தா.

சான்றுகளை மலாயாவிலிருந்தே தொடங்கலாம். 1914–18 போரின்போது, பேராக்கின் பத்து காஜாவைச் சேர்ந்த சார்ல்ஸ் ஆல்மா பேக்கர் இந்நாட்டில் நிதி திரட்டி பிரிட்டிஷ் படைக்கு விமானங்கள் வாங்கிக் கொடுத்தார். அவை மலாயா என்ற பெயரும் வரிசை எண்ணும் தாங்கிப் பறந்தன. கேமரன் மலையின் போ தேயிலைத் தோட்டம் தோன்றியது 1929இல். ஆக, அந்த மலையில் அதன் முதல் கொழுந்து கிள்ளப்படுவதற்கு முன்பே மலாயாவின் பெயர் பிரெஞ்சு வானில் சுடப்பட்டுக் கொண்டிருந்தது. சிக்கல் இங்கேதான். நன்கொடை விமானம் ஒன்று விழுந்து நொறுங்கினால், அதன் பெயர் அடுத்து வந்த விமானத்துக்கு மாற்றப்படும். பெயர் ஒன்று, உடல் பல. எந்த உடலின் தொடரெண்ணை மாடலின் வாலில் எழுதுவது? ஏடு ஒன்று, பாடம் பல என்ற நிலையில் உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராய்ச் சுவடி தேடி ஒப்பிட்டு 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். மாடல் திருத்துவோர் அவ்வளவு அலைவதில்லை. பெட்டி மூடியின் ஓவியத்தை மூலம் என்று கொண்டு, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கை இடைச்செருகல் என்று அறிவித்துவிடுகிறார்கள் (காண்க: பெட்டி மூடி, வலப்பக்கம், புகை தொடங்கும் இடம்).

அளவு பொய் சொல்லாதல்லவா என்று மறுப்பர். சொல்லும். அக்காலப் பிரிட்டிஷ் விமானமான பி.இ.2சியின் சிறகு விரிவு 37 அடி. 1/72 அளவில் 156.6 மில்லிமீட்டர். கிட்டில் அரை மில்லிமீட்டர் கூடிவிட்டால் உண்மையில் 36 மில்லிமீட்டர் பிழை என்று உப்புத்தாளை எடுத்துவிடுகிறார் திருத்துநர். ஆனால் அந்த விமானத்தை அரசாங்கப் பட்டறை வரைந்து கொடுக்க, தனியார் நிறுவனங்கள் பல மரத்தாலும் லினன் துணியாலும் கட்டின. ஈரத்தில் மரம் ஊதும், துணி தளரும். இழுகம்பிகளை முறுக்கியும் தளர்த்தியும் சிறகை நேராக்குவதற்கென்றே படையில் தனி ஆட்கள் இருந்தார்கள். மூலமே காலையில் ஒரு பாடம், மழைக்குப் பின் ஒரு பாடம் (காண்க: செய்முறைத் தாள், 4ஆம் படம், பசை சிந்திய மூலை).

இழுகம்பி என்றதும் ஆய்வின் உயிர்நிலைக்கு வந்துவிட்டோம். இரண்டு சிறகுகளுக்கும் இடையே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கம்பிகளுக்குப் பலர் மீன்பிடி நரம்பைக் கட்டுகிறார்கள். 0.2 மில்லிமீட்டர் நரம்பை 72ஆல் பெருக்கினால் 14.4 மில்லிமீட்டர், சுண்டுவிரல் பருமன். மனிதத் தலைமுடியோ 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர், பெருக்கினால் 3.6 முதல் 7.2. உண்மைக் கம்பியும் சில மில்லிமீட்டர்தான். ஆகவே முடியே மூலபாடம். கருமுடி எஃகு நிறம் ஆகாது, நரைமுடியே வேண்டும். இளம் ஆய்வாளர்கள் தந்தையரைச் சார்ந்திருக்க வேண்டிய துறைகளில் இதுவும் ஒன்று. சாயம் பூசிய நரை போலிச்சுவடி. சுருள்முடி பிற்காலத்தது. மாமியாரின் முடியைக் கேளாமல் எடுத்தல் பதிப்பறம் ஆகாது.

முடி ஈரத்தில் நீளும் என்பதைக் கொண்டே 1783இல் சொசூர் என்ற அறிஞர் காற்றின் ஈரம் அளக்கும் கருவியை விளக்கினார். முற்றும் வறண்ட காற்றிலிருந்து ஈரம் நிறைந்த காற்றுக்குப் போனால் முடி சுமார் 2 விழுக்காடு நீளும். 40 மில்லிமீட்டர் இழை 0.8 மில்லிமீட்டர் நீளும். முழு அளவில் 57.6. தானா ராத்தாவில் அதில் கால்பங்கு நடந்தாலே 14.4 மில்லிமீட்டர். மேலே கண்ட மீன்பிடி நரம்பின் பருமனும் அதே 14.4! இதைத் தற்செயல் என்பவர்கள் முனைவர் பட்டத்துக்கு உழைக்காதவர்கள். மூடுபனி இறங்கும் மாலையில் இங்குள்ள மாடலின் கம்பி தொய்ந்து, வெயில் ஏறியதும் விறைக்கும். பிரெஞ்சு வயலில் நனைந்து நின்ற மூல விமானமும் அதைத்தான் செய்தது. குளிரூட்டிய அறையில் கண்ணாடிப் பேழைக்குள் விறைத்து நிற்கும் மாடல்தான் பிழைபட்ட பிரதி (ஒப்புநோக்குக: மேற்படி தாள், பால் சேராத தேநீராகிய தே ஓ கொட்டிய பிரதி, அது காய்ந்தபின் படிக்கப்பட்ட பாடம், அப்பாடத்தை மறுத்துச் சமையலறையில் எழுந்த வாய்மொழி உரை, குறிப்பாக வசைப்பகுதி).

நிறத்திலாவது உறுதி வேண்டாமா என்பது அடுத்த மறுப்பு. 1916 முதல் பிரிட்டிஷ் விமானங்களின் மேற்புறத்துக்குப் பூசிய பி.சி.10 என்ற சாயத்தில் மஞ்சள் காவியும் கரியும் கலந்திருந்தன. அது பச்சையா பழுப்பா என்பதில் நட்புகள் முறிந்திருக்கின்றன. படத்தைப் பார் என்றால், அக்காலப் படச்சுருள் நீலத்தை வெளிறவும் சிவப்பை இருளவும் காட்டும், சாட்சியே நிறக்குருடு. எனவே தே ஓவை அளவுகோலாகக் கொள்ளலாம். பால் கலந்த தே தாரிக், சாயம் பூசாத லினன் அடிப்புறத்துக்கு மட்டும். எவ்வளவு நேரம் ஊறிய தே ஓ என்று கேட்பவர், பி.சி.10 எவ்வளவு நாள் வெயிலில் நின்றது என்று முதலில் சொல்லட்டும்.

இவ்வளவு நுணுக்கம் வீண் என்று நகைப்போர் நம் புலவர்களிடமும் சற்று நகைக்கலாம். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டில் எங்கோ கிடந்த சொல்லை எங்கோ கொண்டுபோய் மாட்டியதை மறைமலையடிகள் கண்டித்தார். இறக்கையை வாலில் ஒட்டும் மாடல்காரரை அத்தனை பெரியவர் எவரும் கண்டித்ததில்லை. சிந்தாமணியில் விசயை ஏறிச் சென்ற மயிற்பொறியைக் காட்டி, தமிழன் அன்றே விமானம் விட்டான் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அதற்குச் சிறகு ஓரடுக்கா ஈரடுக்கா, இழுகம்பி உண்டா என்று அவர்களில் எவரும் கேட்டதில்லை. பழங்கால விமான நூல் என்று சொல்லப்படும் வைமானிக சாஸ்திரத்தை மட்டும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1974இல் கணக்குப் போட்டுப் பார்த்து, அதில் உள்ளவை பறக்கா என்று எழுதினார்கள். அந்தப் பொறுமையில் பாதி மயிற்பொறிக்கும் கிடைத்திருந்தால் பொன்னாடைச் செலவு குறைந்திருக்கும்.

தீர்ப்பு இது: மலாயா எண்ணிட்ட விமானத்தைத் தானா ராத்தாவில் கட்டுவோர் உப்புத்தாளைக் கீழே வைக்கலாம், தொய்ந்த கம்பியைத் தொட வேண்டாம். நிறத்தில் மாறுபடுவோர் தத்தம் கோப்பையுடன் வரவும். நரைமுடி அனுப்புவோர் சீப்பில் சிக்கியதை மட்டும் அனுப்பவும்; பிடுங்கியது ஏற்கப்படாது.