சபாஷ் சார்

மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழு எதில் சேர்ந்தாலும் அங்கே அவர் முன்னாலேயே இருப்பார். அசல் பெயர் யாருக்கும் தெரியாது. சபாஷ் சார் என்றால் போதும். விடியற்காலை ஐந்தரைக்கு ரோஜாப்பூப் படத்தோடு வணக்கம் வைத்தாரென்றால், அப்புறம் ஒரு கறிவேப்பிலைக் கொழுந்துகூட அவரிடம் பாராட்டு வாங்காமல் துளிர்க்க முடியாது. படம் முழுசாக இறங்கும் முன்பே சபாஷ் வந்து விழும். ஆகவே அவர் படத்தைப் பார்ப்பதில்லை என்று ஒரு கட்சி உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக அப்பிக் கிடக்கிறதே, என்ன செய்வது என்று ஓர் அம்மா படத்தோடு கேட்டிருந்தார். மாவுப்பூச்சி. வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலில் கலந்து இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்க வேண்டும். சார் எழுதினார்: "ஊட்டி உறைபனியை வீட்டு மாடிக்கே வரவழைத்துவிட்டீர்கள் மேடம்! கலக்குங்கள்!"

இன்னொருவர் முதன்முதலாகக் காய்த்த தக்காளியைப் போட்டார். அடிப்பாகம் கறுத்து அழுகியிருந்தது. எல்லாக் குழுவிலும் ஒரு நிபுணர் இருப்பாரே, அவர் உடனே தீர்ப்பு வழங்கினார்: "கால்சியம் பற்றாக்குறை. தண்ணீரும் ஒழுங்காக விடவில்லை. பறித்துப் போடுங்கள்." அத்தனையும் உண்மை. ஆனால் படித்தவர் அன்றைக்கே மண்பையைக் கவிழ்த்திருப்பார். நடுவில் சார் புகுந்தார்: "கண்ணு பட்டுடுமேன்னு தக்காளியே திருஷ்டிப் பொட்டு வச்சுக்கிட்டு வந்திருக்கு சார்! சபாஷ்!" தக்காளிக்காரர் சிரிப்புப் பொம்மை ஒன்றைப் போட்டார். அடுத்த வாரம் முட்டை ஓட்டைப் பொடித்துச் செடிக்குப் போட்ட படம் வந்தது. அதற்கும் ஒரு சபாஷ்.

ஊக்கத்துக்குக் குறுக்கே எது வந்தாலும் அவருக்கு ஆகாது. 2018இல் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு போட்டது. வதந்தியைத் தடுக்க என்றார்கள். தம் ரோஜாப்பூவைத் தடுக்கத்தான் என்று சார் இன்றும் நம்புகிறார். ஐந்தைந்தாக அனுப்பிச் சமாளித்தார். 2022இல் செய்தியின் மேலேயே ஒரு பொம்மையை ஒட்டிவிட்டுப் போகும் வசதி வந்தபோது குழுவே அதற்கு மாறியது. சார் மாறவில்லை. அவர் அகராதியில் அது கஞ்சத்தனம். பாராட்டென்றால் நான்கு வரி, மூன்று ஆச்சரியக்குறி, ஒரு பூங்கொத்து.

பணியில் இருந்த காலத்தில் இவர் தணிக்கைப் பிரிவு என்கிறார்கள். முப்பது வருஷம் கோப்பு கோப்பாக ஆட்சேபணை மட்டுமே எழுதிய கை. ஓய்வூதியத்தோடு அந்தப் பாக்கியையும் சேர்த்துத் தீர்க்கிறார் போல.

வீட்டில் கதை வேறு. சாப்பிட்டால் சாப்பிட்ட தட்டுக்கும் தெரியாது, நன்றாக இருந்ததா இல்லையா என்று. பார்த்தார் மாமி. தாமும் அதே குழுவில் சேர்ந்து, மாடியில் பறித்த முருங்கைக்கீரையில் வார்த்த அடையைப் படமெடுத்து, அடுக்களையில் நின்றபடியே போட்டுவிட்டார். கூடத்தில் அதே அடையை மென்றுகொண்டிருந்தவரிடமிருந்து நொடியில் பதில்: "அமிர்தம் சகோதரி! உங்கள் வீட்டார் கொடுத்து வைத்தவர்கள்!!!"

மாமி அதைக் குழுவில் நட்சத்திரக் குறியிட்டு வைத்திருக்கிறாராம்.

ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். சேர்ந்தவர்களில் வாய் திறப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்கள் எல்லாப் படத்தையும் பார்த்து, நீல டிக்கை மட்டும் விட்டுவிட்டுப் போகிறவர்கள். வெண்டைக்காய் ஒன்றே ஒன்று காய்த்ததைத் தயங்கித் தயங்கிப் போட்டவருக்கு அந்த நீல டிக்கால் என்ன பிரயோசனம்? உங்கள் குழுவிலும் ஒரு சபாஷ் சார் இருப்பார். அவரை மியூட்டில் போடாதீர்கள். பூச்சிக்கு மருந்து மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்.